அறுபதோடு ஜன்னல் சாத்தப்படும்

பிப்ரவரி 6

அக்கா,

நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாயாம். கோபம் வேண்டாம். நீ "அப்புறம்?" என்று கேட்டதும் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. எழுதும்போது யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். நீயும் எழுது.

ஆஸ்பத்திரியில் எனக்கு டோக்கன் ஜன்னல் வேலை கிடைத்ததை அம்மா சொல்லியிருப்பாள். தற்காலிக வேலைதான். ஆனால் எனக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. கண்ணாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியே நிற்பவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. கை வரும், டோக்கனை வைப்பேன், கை போகும். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணினார்களே, இங்கே யாரும் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை.

மூன்று டாக்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஆனாலும் அவருக்குப் பெயர் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் யார் என்று வாட்ச்மேன் மாமாவைக் கேட்டேன். "அந்த ரெண்டு ரூம்லயும் உடைஞ்ச கட்டிலைப் போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்களே, அதுங்கதான் சின்ன டாக்டர்" என்றார். ஒரு நாளைக்கு இருநூறு டோக்கனுக்குக் குறையாமல் கொடுக்கிறேன். எல்லோரையும் அவர் ஒருவரே பார்க்கிறார்.

அம்மா உன்னிடம் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வாள். கால் வீங்கியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் அவள் செருப்பு அவளுக்கே நுழைவதில்லை. என் செருப்பை மாட்டிக்கொண்டு, "உன் காலு எப்படி இவ்ளோ பெருசாச்சு?" என்று என்னையே கேட்கிறாள். படுத்தால் இருமல் வருகிறதாம். தலையணை இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். கேட்டால், "உன் அக்கா பரீட்சைக்குப் படிக்கிறப்போ துணைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பழகிடுச்சு, என்னடி இப்போ?" என்கிறாள்.

இரண்டு நாள் லீவு போட்டு வந்து போக முடியுமா?

எலி

*

பிப்ரவரி 14

எலிக்குட்டி,

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ஒரு வார்டு, கீழே ஒரு வார்டு, இரண்டுக்கும் நான்தான். யாராவது கூப்பிடும் வரை இந்தப் படி உனக்கு.

லீவா! அந்த வார்த்தையைச் சொன்னால் இங்கே என்னை மனநல வார்டில் சேர்த்துவிடுவார்கள். நேற்றுக் காலை போட்ட கோட்டு இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. ஒரு பெரியவரிடம் "எங்க வலிக்குது?" என்று கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் நின்றபடியே கண்ணை மூடிவிட்டேன் போல. அவரே என் கையைத் தட்டி, "நீ உட்காரும்மா, நான் அப்புறமாச் சொல்றேன்" என்றார். சிரிக்காதே. நானும் சிரித்தேன், அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஒரு சேதி. எங்கள் டாக்டர்கள் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். வாய் நீளம் என்று போட்டதுதான். காலியாகக் கிடக்கும் இடத்துக்கு ஆள் எடுங்கள், ஒரு டாக்டர் இத்தனை பேரைத்தான் பார்க்கலாம் என்று வரம்பு வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: "இப்பவும் வேலை நடந்துட்டுத்தானே இருக்கு?" நடக்கிறது. நாங்கள் செத்துச் செத்துப் பார்க்கிறோம், அதனால் நடக்கிறது.

வேலைநிறுத்தம் என்றார்கள் சிலர். நான் வேண்டாம் என்றேன். கதவைச் சாத்தினால் ஜனங்கள் நம்மைத்தான் திட்டுவார்கள். மாறாக ஒழுங்காக வேலை பார்ப்போம் என்றேன். ஒரு நோயாளியை எவ்வளவு நேரம் பார்க்கவேண்டுமோ அவ்வளவு நேரம் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு அறுபது பேர். அதற்கு மேல் எமர்ஜென்சி மட்டும். மிச்ச வரிசை வெளியே நிற்கும், எத்தனை டாக்டர் குறைகிறார்கள் என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே நாளில் தொடங்கப் போகிறோம். அதற்கான நோட்டீஸ் வாசகத்தை எழுதியது உன் அக்கா.

அம்மாவை மெஷின் மிதிப்பதைக் குறைக்கச் சொல். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும். ஒரு தடவை உங்கள் பெரிய டாக்டரிடம் காட்டிவிடு. கீழே கூப்பிடுகிறார்கள்

*

பிப்ரவரி 21

அக்கா,

அம்மாவைக் காட்டியாயிற்று. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை நானும் உள்ளே போனேன். அம்மா ஸ்டூலில் உட்காருவதற்குள் சீட்டில் பாதி எழுதிவிட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல், சார்."

"மிதிக்கிறதைக் கொறைங்க. அடுத்து!"

இருமலுக்கு ஒரு சிரப். நீ சொன்னதையே அவரும் சொன்னார் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அவளும் இதைத்தான் சொன்னா. டாக்டருக்கு டாக்டர் எப்படி ஒத்துப்போகுது பாரு!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. மேஜையில் அவருடைய தண்ணீர் டம்ளர் காலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று.

உன் நோட்டீஸ் வந்துவிட்டது. என் ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். "அறுபதோடு ஜன்னல் சாத்தப்படும். அவசர சிகிச்சைக்கு வரம்பு இல்லை." அம்மா அதைப் பார்க்கவென்றே வந்தாள். வரிசையில் நின்ற எல்லோரிடமும் "இது எங்க பெரியவ எழுதினது" என்று சொன்னாள். ஒருத்தர், "அப்போ அறுபத்தொண்ணாவது ஆளு உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டார். "தாராளமா வாங்க, சட்டைக்குப் பட்டன் தெச்சுத் தரேன்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். எமர்ஜென்சி என்று யார் சொல்வது? சிஸ்டர் ஒருவர்தான், அவர் பிரசவ அறையில் இருப்பார். ஜன்னலில் இருப்பது நான். எனக்குக் கை மட்டும்தான் தெரியும். ரத்தம் இருந்தால் தெரியும். மற்றதெல்லாம்?

இன்னொன்று. அறுபது முடிந்ததும் "முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று நான் சத்தமாகச் சொல்லவேண்டுமாம். இரண்டு நாளாக வீட்டில் சொல்லிப் பார்க்கிறேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் எழவில்லை.

எலி

*

பிப்ரவரி 26

எலி,

பார்த்தாலே தெரியும்டி, பயப்படாதே. அறுபது கொடுத்தாயா, ஜன்னலைச் சாத்தினாயா, வீட்டுக்குப் போனாயா, அவ்வளவுதான் உன் வேலை. சத்தம் போட அம்மாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள், அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

திங்கட்கிழமை தொடங்குகிறோம். இங்கே எல்லோருக்கும் கல்யாண வீடு போல ஒரு பரபரப்பு. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு நோயாளி பேசி முடிக்கும் வரை கேட்கப் போகிறேன்.

அக்கா

*

மார்ச் 17

எலிக்குட்டி,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பஸ்ஸில் முழுநேரமும் உன்னிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. உனக்குப் போனில் இப்படித்தான் ஆகும் போல.

அம்மாவை எடுத்த இரண்டே நாளில் நான் கிளம்பியது தப்புத்தான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, குழுவில் நான் இல்லாமல் கூட்டம் வேண்டாம் என்று இங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை உன்னிடம் சொன்னபோது நீ அம்மாவின் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பாமலே, "போ, உன் நோயாளிங்க காத்திருப்பாங்க" என்றாய். அது கூடப் பரவாயில்லை. வாசலில் வைத்து இன்னொன்று சொன்னாய்: "உன் அறுபதுல அம்மா வரல." வாழ்க்கையில் நீ என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லேன். அங்கே வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் பேசமாட்டாய், தெரியும். எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இரு, மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் எனக்கு.

சாப்பிடுகிறாயா? தனியாகப் படுக்காதே. வாட்ச்மேன் மாமா வீட்டம்மாவைத் துணைக்கு வரச் சொல்.

அக்கா

*

மார்ச் 28

எலி,

பதில் இல்லை. இன்று கூட்டத்தில் எதிர்ப்பக்கத்து அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க அம்மாவுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டோம், ரொம்ப வருத்தம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்க ஊர்லயும் அறுபதுதானே?" என்றார். எனக்கு எதுவும் பேச வரவில்லை. வாய் நீளம் என்று போட்டார்களே என்னை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது ஒரு விஷயத்துக்கு உன்னிடம் பதில் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நடந்ததைக் கேட்டாய். சொல்கிறேன்.

நீ சொன்னபடியே அம்மாவை ஜன்னல் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டேன். முதல் நாள் அறுபது முடிந்ததும் என் குரல் வெளியே வரவில்லை. அம்மா எழுந்து நின்று, "இன்னிக்கு முடிஞ்சுதுங்க! எமர்ஜென்சி இல்லைன்னா நாளைக்கு வாங்க! டாக்டரும் மனுஷர்தானே!" என்று சொன்னாள். ஒருத்தி கைக்குழந்தையோடு அழுதாள். அம்மா அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசி, காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து, சமாதானம் சொல்லி அனுப்பினாள். சிலர் கெட்ட வார்த்தையால் திட்டினார்கள். என்னைத் திட்டவேண்டியதை அவள் வாங்கிக்கொண்டாள்.

தினமும் காலையில் அவளுக்கு ஒரு டோக்கன் எடுத்து வைப்பேன். "எனக்கு எதுக்கு? நான் ஒண்ணு எடுத்தா கடைசியில ஒருத்தி திரும்பிப் போவா. அவளை நான்தானே திருப்பி அனுப்பணும்? எந்த மூஞ்சிய வெச்சுட்டு அனுப்புவேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வியாழக்கிழமை ஜன்னல் சாத்தின பிறகு வெளியே வந்து பார்த்தேன். அம்மா பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு வார்த்தை சொல்ல இரண்டு மூச்சு வாங்கினாள். உதடு நிறம் மாறியிருந்தது. "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"எமர்ஜென்சின்னு சொன்னா உடனே பாப்பாரும்மா."

"நாலு நாளா எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன். இப்போ நான் மட்டும் பின்வாசல் வழியா நுழைஞ்சா, எழுதினவ அம்மாவுக்கு ஒரு நியாயமான்னு கேக்க மாட்டாங்களா? அப்புறம் உங்க அக்கா எழுதினதுக்கு என்னடி மரியாதை?"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் இன்னும் போகாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் டாக்டர் அறை வரை போனேன், அக்கா. கதவு சாத்தியிருந்தது. முன்பெல்லாம் அந்தக் கதவைச் சாத்தினதே இல்லை. உள்ளே அவர் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பொறுமையாக, "அப்புறம்? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா பெஞ்சிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையை இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஒவ்வொரு மின்கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தக் கம்பத்துக்கெல்லாம் நான் சொந்தம்டி, எல்லாத்தையும் விசாரிச்சுட்டுப் போகணும்" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். வழக்கம்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையில் டீ போட்டு எழுப்பினேன். எழவில்லை.

இப்போது நான் கேட்க வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்லவராகத்தான் பேசினார். டைப் அடித்த காகிதம் ஒன்றைக் காட்டினார். டாக்டர்கள் வரம்பு வைத்ததால்தான் என் அம்மாவுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை என்று நான் சொல்வதாக அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஜன்னல் வேலையை நிரந்தரம் செய்துவிடுவார்களாம். "நீ பேசக்கூட வேணாம்மா. உனக்குக் கூச்சம்னு சொன்னாங்க. கையெழுத்து மட்டும் போதும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். பதினாறாம் தேதி மறுபடி வருகிறார், பத்திரிகைக்காரர்களோடு.

போடுவதா வேண்டாமா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. வேறு கேட்கிறேன். நீ டாக்டர். அம்மாவுக்கு அன்று வந்தது எமர்ஜென்சியா, இல்லையா? எனக்காகப் பூசி மெழுகாமல் சொல்.

*

ஏப்ரல் 10

எலி,

எமர்ஜென்சிதான்.

அம்மாவின் இதயம் தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அதனால் காலில் நீர் சேர்ந்திருக்கிறது, பிறகு நுரையீரலில். அதனால்தான் படுக்க முடியாமல் உட்கார்ந்து தூங்கினாள். அன்று கதவைத் தட்டியிருந்தால் ஒரு ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி. அன்று பிழைத்திருப்பாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லத் தெரியாது, ஆனால் அன்று பிழைத்திருப்பாள். பூசி மெழுகாதே என்றாய். இதுதான் மெழுகாதது.

இதோடு நிறுத்தினால் பழி உன் கையில் நின்றுவிடும், கதவைத் தட்டாத கையில். அது நியாயமில்லை. நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். கால் வீக்கம், செருப்பு, இருமல், இரண்டு தலையணை. ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒருத்தி என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் அவளை வீட்டுக்கே விட்டிருக்கமாட்டேன். நீ சொன்னதை நான் மாடிப்படியில் படித்தேன். மெஷின் மிதிப்பதைக் குறைக்கச் சொல் என்று எழுதினேன். டாக்டருக்கு டாக்டர் ஒத்துப்போகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாளே, அதைப் படிக்கும்போது இந்தக் காகிதத்தையே தூக்கிப் போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

நீ யார் முடிவு செய்வது என்று கேட்டாய். பார்த்தாலே தெரியும் என்றேன். ஒரு வாசகம் எழுத மூன்று வாரம் விவாதித்தோம், எலி. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. ஜன்னலில் யார் இருப்பார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றிக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

காகிதத்தில் கையெழுத்துப் போடு, போடாதே, இரண்டும் உன் இஷ்டம். அதில் இருப்பது பொய் இல்லை. எனக்காக எதையும் செய்யாதே. அதற்கு எனக்கு அருகதை இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்கா,

பதினாறாம் தேதி வந்தார்கள். அதிகாரி, இரண்டு பத்திரிகைக்காரர்கள், ஒரு கேமரா. பெரிய டாக்டர் அறையில் நாற்காலி போட்டார்கள். டாக்டர் எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். நான் எடுக்கவில்லை. அவரே பத்திரிகைக்காரரிடம் "கேளுங்க" என்றார்.

"உங்கம்மா அன்னிக்கு உள்ள போக முடியாம திரும்பிட்டாங்க, இல்லையாம்மா?"

"ஆமா" என்றேன்.

"அறுபதுங்கிற வரம்பு இருந்ததாலதானே?"

"ஆமா."

அதிகாரி எழுந்துகொள்ளப் பார்த்தார். அப்போது நான் இன்னும் இருக்கிறது என்றேன். என்ன என்று மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். குரல் போய்விட்டது. வராந்தாவில் டாக்டர் திரும்பினார். அதிகாரி, "பரவாயில்லம்மா, போதும்" என்றார். போதாது என்றேன்.

என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்றுதான் சொன்னேன். வரம்பு வருவதற்கு முன்னால் அம்மா மூன்று தடவை இதே ஸ்டூலில் உட்கார்ந்தாள் என்று சொன்னேன். அப்போது யாரும் திருப்பி அனுப்பவில்லை, உள்ளேதான் வந்தாள். அப்போதும் காலைப் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை, பார்க்க நேரம் இல்லை. அந்த மூன்று தடவைக்கும் ஒரு காகிதம் டைப் அடித்துக்கொண்டு வாருங்கள், அதிலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதிகாரி பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் கொஞ்சம் எழுதினார். மற்றவர், "பொண்ணு பயந்துருக்கு" என்றார்.

இன்று பேப்பர் வந்தது. என் போட்டோ போட்டிருக்கிறார்கள், தலையைக் குனிந்தபடி. கீழே இரண்டு ஆமாவும் இருக்கிறது. மிச்சம் இல்லை.

வாட்ச்மேன் மாமா அதைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "ஆயுசுல ஒரு தடவை வாயத் தொறந்தே, அதையும் பாதியில வெட்டிட்டானுங்க" என்றார். சிஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

இது உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அம்மாவை யாருமே பார்க்கவில்லை என்று சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். அந்த யாருமேயில் நீயும் உண்டு. நானும் உண்டு.

*

மே 20

எலி,

பேப்பர் இங்கேயும் வந்தது. கூட்டத்தில் உன் போட்டோவை மேஜை நடுவில் வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்கள். நாங்கள் காலி இடங்களைப் பற்றிச் சொன்னால் அவர்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று கூட்டம் அப்படியே போயிற்று. நான் இருக்கும் வரை வேறு பேச்சு நடக்காது என்று தெரிந்துவிட்டது. குழுவிலிருந்து விலகினேன். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். "இப்போ விலகினா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்" என்றார்கள். ஆனால் ஆகட்டும்.

போன வாரம் ஒப்பந்தம் ஆயிற்று. அறுபது இல்லை, எண்பது. காலி இடங்களில் பாதியை நிரப்புவார்கள். எண்பது முடிந்த பிறகு வருபவர்களை ஒரு நர்ஸ் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி உன்னுடையது. விலகுவதற்கு முன் நான் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான். யாருக்கும் உன் பெயர் தெரியாது.

எங்கள் தோழர்கள் பாட்டுப் பாடினார்கள். ஜெயித்தோமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு இரண்டு இடம் காலி, அதில் ஒன்றைத்தான் நிரப்புகிறார்கள். அந்த ஊருக்கு யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டு எழுதிக் கொடுத்தேன். உத்தரவு வந்துவிட்டது. ஜூன் மூன்றாம் தேதி சேரவேண்டும்.

இதைச் செய்தால் ஏதாவது சரியாகிவிடும் என்று நினைக்கவில்லை. ஆனால் வேறு எந்த ஊரிலும் இனி என்னால் ஸ்டூலில் ஒருத்தரை உட்கார வைத்து "என்ன பண்ணுது?" என்று கேட்க முடியாது.

வீட்டுக்கு வரலாமா, எலி? நீ வேண்டாம் என்றால் வரவில்லை. நீ என்னை மன்னிக்கும் வரை ஊருக்கே வரவேண்டாம் என்றாலும் சொல். உத்தரவைத் தள்ளிப்போடக் கேட்கிறேன். காத்திருப்பேன்.

அக்கா

*

மே 27

அக்கா,

வீட்டுக்கு வராதே. இப்போது வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டாக்டர்களுக்கான வீடு பூட்டிக் கிடக்கிறது. சிஸ்டரும் நானும் அதைத் திறந்து பெருக்கிவிட்டோம். குழாயில் தண்ணீர் வருகிறது. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, கயிறு கட்டியிருக்கிறேன்.

உன் அறையில் இருந்த கட்டில்களை வாட்ச்மேன் மாமா வெளியே தூக்கிப் போட்டார். "ஒரு சின்ன டாக்டருக்குச் சாவு வந்துடுச்சு" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.

உன்மேல் இருக்கும் கோபம் எனக்குப் போகவில்லை. சில நாள் காலையில் எழும்போது போய்விட்டது போல் இருக்கும். டீக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடுவேன். அதைப் பார்த்ததும் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனதாக உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

பெரிய டாக்டருக்கு நேற்று நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றிவிட்டது. சிஸ்டர் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் மறுபடி "அடுத்து" என்றார். சிஸ்டர் பிரசவ அறையில் இருந்ததால் எண்பதுக்குப் பிறகு வந்தவர்கள் இன்றும் வெயிலில் நின்றார்கள். அதில் ஒரு அம்மா மூச்சு வாங்கினார். நான் கதவைத் தட்டினேன்.

அதனால் உத்தரவைத் தள்ளிப்போடாதே. என் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே. மூன்றாம் தேதி வந்துவிடு, அக்கா. இங்கே வேறு டாக்டர் இல்லை.

எலி